கொக்குவிலில் வாழ்ந்துகொண்டு ஸ்காபரோ முகவரியில் வரி எழுதலாமா?

கொக்குவிலைச் சேர்ந்த 66 வயது வாசகர் ஒருவர் ஏழு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவரும் மனைவியும் 2005 மார்ச்சில் கனடாவுக்குக் குடிபெயர்ந்து ஸ்காபரோவில் வாழ்ந்தார்கள். மனைவி 2014இல் கனேடியக் குடியுரிமை பெற்றார். "ஆங்கிலச் சோதனைக்குப் பயந்து" நிரந்தர வதிவிட (பி.ஆர்.) அட்டையோடு நின்றுவிட்டதாக இவர் எழுதுகிறார். 2023 பெப்ரவரி 20ஆம் திகதி, 88 வயதான மாமியாரைப் பராமரிப்பதற்காக இருவரும் யாழ்ப்பாணம் திரும்பினார்கள். அதன்பின் 2024இல் பேரப்பிள்ளை பிறந்தபோது ஐந்து வாரம் போய் வந்திருக்கிறார்கள். அப்போது மாகாண மருத்துவ அட்டையைக் காட்டி இதயப் பரிசோதனையும் செய்துகொண்டிருக்கிறார்.

ஸ்காபரோ வீட்டில் பாதி இவர் பெயரிலும் பாதி மகன் பெயரிலும் உள்ளது. மகன் குடும்பம் மேலே வசிக்கிறது. அங்கே பெற்றோருக்கென ஓர் அறை அப்படியே விடப்பட்டிருக்கிறது. பேஸ்மென்ற் மாதம் 1,400 டொலருக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது, வாடகை கூட்டுக் கணக்குக்குப் போகிறது. இங்கே குடியிருக்கும் வீட்டைத் தவிர, 2012இல் தகப்பனார் இறந்தபோது முதுசமாக வந்த கடை ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது. அதற்கு மாதம் 75,000 ரூபாய் வாடகை. வங்கியில் 60 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பும் உண்டு.

2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் இவர் கனடாவிலேயே இருப்பதுபோல, மகனின் முகவரியைக் கொடுத்து, வழமையாகச் செய்பவரைக் கொண்டு மகன் வரிப் படிவம் நிரப்பியிருக்கிறார். "ரக்ஸ் பைல் பண்ணிக்கொண்டிருந்தால்தான் பி.ஆர். போகாது" என்பது அங்குள்ள நண்பர்களின் ஆலோசனையாம். 65 வயது முடிந்த 2024 செப்டெம்பருக்குப் பிறகு முதியோர் ஓய்வூதியமும், வருமானம் குறைந்தவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவும் கூட்டுக் கணக்குக்கு வந்துகொண்டிருக்கின்றன. நியூ ஜேர்சியில் இருக்கும் மைத்துனரோ, "பி.ஆர். கையில் இருக்கும்வரை உலகத்தில் எங்கே உழைத்தாலும் கணக்குக் காட்டத்தான் வேண்டும், கடை வாடகையை மறைத்தால் பெரிய தண்டம்" என்று பயமுறுத்தியிருக்கிறார். கொக்குவில் சிநேகிதர் ஒருவர், நாட்டைவிட்டு வந்தவருக்கு அந்த நாட்டு வரி எதற்கு என்று கேட்கிறார். பி.ஆர். அட்டை 2026 நவம்பரில் காலாவதியாகிறது. "நான் என்ன செய்ய வேண்டும்?" என்பதே கேள்வி.

மதிப்புக்குரிய ஐயா,

உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூவருமே உங்கள் நன்மையை நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் மூவரும் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டார்கள். கனடாவில் நிரந்தர வதிவாளராக இருக்கும் உரிமை உங்களுக்கு இன்னும் உண்டா என்பது குடிவரவுச் சட்டத்தின் கேள்வி. வரி விடயத்தில் நீங்கள் கனடாவின் வதிவாளரா என்பது வருமான வரிச் சட்டத்தின் கேள்வி. முதலாவது நாட்களை எண்ணுகிறது, இரண்டாவது உறவுகளையும் உடைமைகளையும் பார்க்கிறது. ஒன்றுக்கு "ஆம்" என்றும் மற்றதற்கு "இல்லை" என்றும் பதில் வருவது முற்றிலும் சாத்தியம், உங்கள் நிலை ஏறக்குறைய அதுதான்.

மைத்துனரை முதலில் பார்த்துவிடுவோம். அவர் சொன்னது அமெரிக்கச் சட்டம், அங்கே அது சரி. அமெரிக்க நிரந்தர வதிவிட அட்டையான கிறீன் கார்ட் வைத்திருப்பவர் எந்த நாட்டில் வாழ்ந்தாலும், ஐ-407 படிவத்தின் மூலம் அதை முறையாகத் துறக்கும்வரை, அல்லது அதிகாரிகளோ நீதிமன்றமோ அதை முடிவுக்குக் கொண்டுவரும்வரை, உலக வருமானம் முழுவதையும் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். அட்டையின் திகதி காலாவதியானதால் மட்டும் அந்தக் கடமை முடிவதில்லை. வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் மொத்தம் ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டொலரைத் தாண்டினால் தனி அறிக்கையும் கொடுக்க வேண்டும். கடந்த 15 வரி ஆண்டுகளில் எட்டில் கிறீன் கார்ட் வைத்திருந்தவர் அதைத் துறக்கும்போது வெளியேற்ற வரி விதிகளையும் பார்க்க வேண்டும். இவை மைத்துனர் ஓய்வுபெற்று ஊருக்கு வரும் நாளில் அவருக்கு உதவும். கனடா, நிரந்தர வதிவிடத்தையோ குடியுரிமையையோ மட்டும் காரணமாக வைத்து எவரிடமும் உலக வருமானத்துக்கு வரி கேட்பதில்லை. உங்கள் மனைவி கனேடியக் குடிமகள் என்பதால் மட்டும் அவருக்கு அங்கே வரிக் கடமை வந்துவிடாது.

வரிக்கு நீங்கள் எந்த நாட்டவர்

கனடா வருமானவரி முகவரகம் முதலில் மூன்று பெரிய பிணைப்புகளைப் பார்க்கும்: குடியிருக்கத்தக்க வீடு, கணவன் அல்லது மனைவி, ஒருவரின் பராமரிப்பில் தங்கியிருக்கும் பிள்ளைகள். அதன் பிறகு வங்கிக் கணக்கு, கடன் அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், மாகாண மருத்துவ அட்டை, வாகனம், தளபாடம் போன்ற சிறிய பிணைப்புகளைச் சேர்த்துப் பார்க்கும். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடும் 183 நாள் விதி வேறு ஆட்களுக்குரியது. கனடாவில் வதியாத ஒருவர் ஓர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ அங்கே தங்கினால் அவரை வதிவாளராகக் கருதுவதற்கே அது இருக்கிறது. அங்கே வேரூன்றி வாழ்ந்த ஒருவர், 183 நாள் வெளியே நின்றதால் மட்டும் வரியிலிருந்து விடுபடுவதில்லை.

உங்கள் மனைவி உங்களோடு கொக்குவிலில் இருக்கிறார். தங்கியிருக்கும் பிள்ளைகள் இல்லை. வீடு ஒன்றுதான் சங்கடம் தருகிறது. பாதி உங்கள் பெயரில் இருக்கிற வீட்டில், எப்போது போனாலும் படுத்தெழும்ப ஓர் அறை காத்திருக்கிறது என்றால், அதைப் பெரிய பிணைப்பு என்று ஓர் அலுவலர் வாதிட இடமுண்டு. அப்படி வாதிட்டாலும் 1982இல் கனடாவும் இலங்கையும் கைச்சாத்திட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உங்களுக்குக் கைகொடுக்கும். இரு நாடுகளும் ஒருவரைத் தம் வதிவாளர் என்று உரிமை கோரினால், நிரந்தரக் குடியிருப்பு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே, வழமையாக வாழ்வது எங்கே என்று ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒப்பந்தம் கேட்கும். மனைவி, பராமரிக்கும் மாமியார், கடை, வைப்பு, அன்றாட வாழ்வு எல்லாம் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவருக்கு அதன் பதில் இலங்கை என்றுதான் வரும் என நான் நம்புகிறேன்.

ஆகவே 2023 பெப்ரவரி 20ஐ நீங்கள் கனடாவை விட்டு வெளியேறிய திகதியாகக் கொள்வதே நேர்மையான நிலைப்பாடு. அந்தத் திகதிக்குப் பிறகு திருநெல்வேலிக் கடையின் வாடகையையோ இங்குள்ள வைப்பின் வட்டியையோ கனடாவுக்குக் காட்ட வேண்டியதில்லை. கனடாவிலிருந்து பிறக்கும் வருமானத்துக்கு மட்டுமே அங்கே கடமை உண்டு. இதை உறுதிப்படுத்த என்.ஆர்.73 என்ற படிவம் இருக்கிறது. அதை அனுப்புவது கட்டாயமில்லை. அறை விவகாரம் இருப்பதால், அனுப்புவதற்கு முன்னர் அங்குள்ள கணக்காளர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். இங்கிருக்கும் சட்டத்தரணியான நான் உங்களுக்குப் பாதையைக் காட்டலாம், கனடாப் படிவங்களில் கையெழுத்திடும் பொறுப்பு அங்கே தொழில் செய்யும் ஒருவருக்கே உரியது.

மகன் முகவரியில் எழுதிய படிவங்களும் வந்துகொண்டிருக்கும் பணமும்

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன இந்த விடயமே உங்களுக்கு ஆபத்தானது.

2023ஆம் ஆண்டுக்குரிய படிவத்தில் வெளியேறிய திகதி எழுதப்பட்டிருக்க வேண்டும். 2024க்கு வதிவாளர் என்ற பெயரில் படிவமே போயிருக்கக் கூடாது. வரிப் படிவம் நிரப்புவதால் பி.ஆர். காப்பாற்றப்படும் என்பது யாழ்ப்பாணத்திலும் ஸ்காபரோவிலும் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு வளர்ந்த நம்பிக்கை. குடிவரவு அலுவலர் கேட்பது நீங்கள் உடலால் அங்கிருந்த நாட்களை. வரிப் படிவம் ஒரு நாளையும் கூட்டித் தராது. மாறாக, கடவுச்சீட்டு முத்திரை கட்டுநாயக்காவைக் காட்டும் காலத்துக்கு ஸ்காபரோவில் வசித்ததாகக் கையெழுத்திட்ட படிவம், இரண்டு துறைகளிலும் உங்கள் சொல்லின் மதிப்பைக் குறைக்கும். வதிவாளரல்லர் என்று வரித்துறைக்கு உண்மையைச் சொல்வதாலும் பி.ஆர். தானாகப் பறிபோய்விடாது.

இப்போது ஓய்வூதியம். அந்த முதியோர் ஓய்வூதியம், 18 வயதுக்குப் பின்னர் கனடாவில் குறைந்தது 10 ஆண்டுகள் வாழ்ந்து இன்னும் அங்கேயே வாழ்பவருக்கு உரியது. வெளிநாட்டில் வாழ்ந்துகொண்டு அதைப் பெற 20 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். 2005 மார்ச் முதல் 2023 பெப்ரவரி வரை எண்ணினால் உங்களுக்கு 18 ஆண்டுகளுக்கு ஓரிரு வாரங்கள் குறைவு. உங்களுக்கு 65 முடிந்த நாளில் நீங்கள் கொக்குவிலில் இருந்தீர்கள். எனவே, சொல்வதற்கு வருத்தமாக இருந்தாலும், முதல் மாதத்திலிருந்தே அந்தப் பணம் உங்களுக்குரியதாக இருக்கவில்லை. மேலதிகக் கொடுப்பனவின் விதி இன்னும் இறுக்கமானது. 20 ஆண்டுகள் நிறைவு செய்தவருக்குக்கூட, நாட்டைவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது நிறுத்தப்படும்.

"நாங்கள் விண்ணப்பிக்கவில்லை, தானாகவே வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாக இருக்கலாம். 64 வயது முடிந்த அடுத்த மாதம், இந்த ஓய்வூதியத்தைக் கவனிக்கும் அரச அமைப்பான சேர்விஸ் கனடா பலருக்கும் கடிதம் அனுப்பித் தானாகப் பதிவு செய்கிறது. ஆனால் அந்தக் கடிதத்திலேயே, விவரங்களில் பிழையிருந்தால் அறிவிக்க வேண்டும் என்றும் கேட்கப்படுகிறது. நீங்கள் ஸ்காபரோவில் வசிப்பதாகச் சொல்லும் வரிப் பதிவுகளை வைத்தே அவர்கள் உங்களைச் சேர்த்திருக்க வேண்டும். பொருட்கள் சேவைகள் வரிக்கான ஈட்டுத்தொகை போன்ற மற்றைய கொடுப்பனவுகளுக்கும் இதுவே நியாயம்.

வந்த தொகை முழுவதையும் தொடாமல் வைத்திருப்பதாக எழுதியதைப் படித்து எனக்கு ஆறுதல் ஏற்பட்டது. அப்படியே வைத்திருங்கள். இந்த வாரமே சேர்விஸ் கனடாவுக்கு எழுத்தில் அறிவியுங்கள்: 2023 பெப்ரவரி 20 முதல் இலங்கையில் வாழ்கிறேன், கொடுப்பனவை நிறுத்துங்கள், திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையைக் கணக்கிட்டுத் தாருங்கள் என்று. தொலைபேசியில் மகன் சொல்வது போதாது. அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்பதற்கும் நீங்களாக முன்வந்து சொல்வதற்கும் இடையில் பெரிய வித்தியாசம் உண்டு.

மருத்துவ அட்டையைப் பற்றி ஒரு சொல். ஒன்ராறியோவில் அந்த உரிமை நிலைக்கப் பொதுவாக 12 மாத காலத்தில் 153 நாட்கள் மாகாணத்தில் இருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை நடந்துவிட்டது. இனிப் போகும்போது அட்டையைப் பயன்படுத்தாமல் பயணக் காப்புறுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

வேலை செய்த காலத்தில் நீங்கள் பங்களித்த சி.பி.பி. (கனடா ஓய்வூதியத் திட்டம்) ஓய்வூதியம் மட்டும் இந்தச் சிக்கல்களில் சேராது. அது உழைத்துக் கட்டிய பணம், உலகில் எங்கிருந்தாலும் கிடைக்கும். வதிவாளரல்லாதவருக்கு அனுப்பும்போது பொதுவாக 25% வரி கழிக்கப்படும். ஒப்பந்தங்கள் இந்த வீதத்தைக் குறைப்பதுண்டு. வருமானம் சிறியதென்றால் 217ஆம் பிரிவின்கீழ் படிவம் கொடுத்துக் கழித்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழியுண்டு.

திருநெல்வேலிக் கடை

மைத்துனரின் எச்சரிக்கை தவறான காரணத்துக்காகச் சொல்லப்பட்டாலும், கடையைப் பற்றி யோசிக்க வைத்ததற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். 2012 முதல் 2023 பெப்ரவரி வரை நீங்கள் கனடாவின் முழு வரி வதிவாளர். அந்தக் காலத்தில் கடையிலிருந்து வந்த வாடகையும் வைப்பின் வட்டியும் உலக வருமானத்துக்குள் அடங்கும். "ஊர்க்காசு ஊரிலேயே செலவானது" என்ற உங்கள் நியாயம் மனத்துக்குப் புரிகிறது, சட்டத்துக்குப் புரியாது. இங்கே வரி கட்டியிருந்தால் அதற்கு அங்கே கழிவு கிடைத்திருக்கும். அவ்வளவே.

அதைவிடத் தண்டம் கனமானது ரி1135 என்ற அறிக்கைக்கு. கனடாவுக்கு வெளியே உள்ள முதலீட்டு ஆதனங்களின் அடக்கவிலை 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால் ஆண்டுதோறும் அதை அனுப்ப வேண்டும். கொக்குவிலில் நீங்கள் குடியிருக்கும் வீடு சொந்தப் பாவனைக்குரியது என்பதால் அந்தக் கணக்கில் சேராது. வாடகைக்கு விட்ட கடையும் வைப்பும் சேரும். முதுசமாக வந்த கடைக்கு, வந்த நாளின் சந்தைப் பெறுமதியே அடக்கவிலை. 2012இல் கடை 150 இலட்சம் ரூபாய் பெறுமதி என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காலத்தில் ஒரு கனேடிய டொலர் ஏறக்குறைய 127 ரூபாய். அப்படியென்றால் 118,000 டொலர் வரும், எல்லையைத் தாண்டிவிட்டது. அறிக்கை தவறிய ஒவ்வோர் ஆண்டுக்கும் தண்டம் நாளொன்றுக்கு 25 டொலர் வீதம் 2,500 டொலர் வரை போகும்.

நாட்டைவிட்டு வெளியேறும் நாளில், கனடாவுக்கு வெளியே உள்ள இவ்வாறான ஆதனங்களை அன்றைய பெறுமதிக்கு விற்றுவிட்டதாக அந்தச் சட்டம் பாவனை செய்துகொள்ளும். பலர் அறியாத விதி இது. விற்காத சொத்துக்கு இலாப வரியா என்று நீங்கள் திகைக்கலாம். ஆனால் கணக்கை டொலரில் போட வேண்டும் என்பதால், இங்கே பலரை வருத்திய 2022ஆம் ஆண்டின் ரூபாய் வீழ்ச்சி உங்களுக்கு மட்டும் ஓர் உதவி செய்திருக்கிறது. 2023இல் கடை இரட்டிப்பாகி 300 இலட்சம் ரூபாய் பெறுமதி என்று வைத்துக்கொண்டாலும், அந்த பெப்ரவரியில் டொலர் ஏறக்குறைய 270 ரூபாய். 111,000 டொலர்தான் வருகிறது. ரூபாயில் இரட்டிப்பு, டொலரில் நட்டம். எனவே வெளியேற்ற வரி பெரும்பாலும் உங்களுக்கு வராது. ஆனால் 25,000 டொலருக்கு மேற்பட்ட சொத்துடன் வெளியேறுபவர் கொடுக்க வேண்டிய ரி1161 பட்டியலை நீங்கள் கொடுக்கவில்லை. அதற்கும் தாமதத் தண்டம் உண்டு. அந்த இரண்டு திகதிகளுக்கும் உரிய பெறுமதியைப் பின்னோக்கிக் கணித்து எழுதித் தரக்கூடிய மதிப்பீட்டாளர் ஒருவரை இங்கேயே பிடித்து, உறுதியின் பிரதியோடு அறிக்கை எடுத்து வையுங்கள். பத்திரிகை விளம்பரத்தில் பார்த்த பரப்பு விலை போதாது.

இந்தப் பழைய தவறுகள் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்த, தாமாக முன்வந்து அறிவிக்கும் திட்டம் ஒன்று கனடா வருமானவரி முகவரகத்தில் இருக்கிறது. அவர்கள் விசாரணை தொடங்குவதற்கு முன்னர் முழுமையாக வெளிப்படுத்தினால், வரியைக் கட்ட வேண்டியிருந்தாலும் தண்டத்திலிருந்தும் வட்டியின் ஒரு பகுதியிலிருந்தும் விடுதலை கிடைக்கும். கடையை மட்டும் சொல்லி வட்டியை விடுவது, அல்லது 2023ஐத் திருத்தி 2015ஐ விடுவது இந்தத் திட்டத்தில் எடுபடாது. 2025க்கான படிவங்களுக்குரிய 2026 ஏப்ரல் 30 நெருங்குகிறது. அதற்கு முன் மகன் பழைய வழியில் இன்னொரு படிவம் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோ வீடு

உங்கள் பங்கு வாடகை மாதம் 700 டொலர். வதிவாளரல்லாதவரின் வாடகையில், செலவு கழிக்காத தொகையின் 25%ஐப் பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் வரித்துறைக்கு அனுப்ப வேண்டியது வாடகையைப் பெற்றுக் கொடுப்பவரின் கடமை. இங்கே அது உங்கள் மகன். பிடிக்கத் தவறினால் அவரே பொறுப்பாளி. வாடகை கையிலே காசாக வருகிறதா, மகன் தன் கணக்கில் காட்டுகிறாரா என்று தெரியாது என்கிறீர்கள். மகனோடு முதலில் பேச வேண்டியது இதைத்தான். பின்னர் 216ஆம் பிரிவின்கீழ் ஆண்டு முடிந்து இரண்டு ஆண்டுக்குள் படிவம் கொடுத்தால், வீட்டு வரி, கடன் வட்டி, திருத்த வேலை போன்ற செலவுகளைக் கழித்து, மிகுதிக்கு மட்டும் வரி கட்டலாம். 2024க்கான அந்த வாய்ப்பு 2026ஆம் ஆண்டு முடியும்வரை திறந்திருக்கிறது.

உங்கள் பாதியை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் தொல்லை தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாலும் சந்தை விலைக்கு விற்றதாகவே கணக்கிடுவார்கள். வதிவாளரல்லாதவர் கைமாற்றுவதால் 116ஆம் பிரிவின்கீழ் சான்றிதழும் எடுக்க வேண்டும். முன்னைய கணக்குகள் சீரான பிறகு செய்வதே புத்தி.

இங்குள்ள கடமை

கொக்குவில் சிநேகிதருக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான மதிப்பீட்டாண்டில் 183 நாள் இங்கே இருப்பவர் இலங்கையின் வரி வதிவாளர், அவருடைய உலக வருமானம் இங்கே கணக்குக்கு வரும். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபர் விலக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். கடை வாடகை 9 இலட்சம், அதில் 25% கழிவு போக 6,75,000. வைப்பு வட்டியை ஆண்டுக்கு 4,80,000 என்று வைத்தாலும் மொத்தம் எல்லைக்குள்தான். ஸ்காபரோ வாடகையின் உங்கள் பங்கு 8,400 டொலரைச் சேர்த்தால் எல்லை தாண்டும். அப்படியிருக்க, வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்று வங்கியில் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரகடனம் சரியல்ல. அதை மீளப் பெற்றுக்கொண்டு, வட்டியில் 10% வரியைப் பிடிக்க விடுங்கள். பிடித்த தொகை உங்கள் இறுதிக் கணக்கில் கழியும். கனடாவில் வாடகைக்குக் கட்டும் வரிக்கும் இங்கே கழிவு கேட்கலாம். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. 2025/26க்கான விவரத்திரட்டுக்குக் கடைசி நாள் 2026 நவம்பர் 30.

இனி பி.ஆர்.

நாட்கணக்குக்கு வருவோம். எந்த நாளில் பார்த்தாலும் அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். நான் இதை எழுதுவது 2026 பெப்ரவரி நடுப்பகுதி. 2021இலும் 2022இலும் நீங்கள் கனடாவை விட்டு வெளியே போகவில்லை. எனவே 2021 பெப்ரவரி நடுவிலிருந்து புறப்பட்ட நாள்வரை ஏறக்குறைய 735 நாட்கள், 2024இன் ஐந்து வாரங்களையும் கூட்டினால் 770. இன்றைக்கு நீங்கள் சித்தியடைகிறீர்கள், 40 நாள் மிகுதியோடு. ஆனால் இங்கே கழியும் ஒவ்வொரு நாளும் 2021இன் ஒரு நாளைத் தின்றுவிடும். மார்ச் கடைசி வாரத்தில் அந்த மிகுதி தீர்ந்துபோகும். அட்டையிலுள்ள நவம்பர் என்ற திகதியை நம்பி இருந்துவிடாதீர்கள்.

மூன்று வழிகள் தெரிகின்றன. முதலாவது, மார்ச் கடைசி வாரத்துக்கு முன் போய் உண்மையாகவே அங்கே வாழ்வது. அப்படி இரண்டு ஆண்டும் ஒன்றிரண்டு மாதமும் வாழ்ந்தால் 20 ஆண்டு நிறைவாகும். அதன்பின் கொக்குவிலுக்குத் திரும்பினாலும் முதியோர் ஓய்வூதியம் வாழ்நாள் முழுவதும் வரும். உங்கள் மனைவிக்கும் இதே ஆண்டுக் குறைபாடு இருக்கிறது. வதிவாளராகியவுடன் இங்குள்ள கடை வாடகையைக் கனடாவுக்கு மறுபடி காட்ட வேண்டியிருக்கும். மாமியாரை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இரண்டாவது வழி, நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு செய்தியில் இருக்கிறது. வெளிநாட்டில், கனேடியக் குடியுரிமை உள்ள வாழ்க்கைத்துணையோடு கூடி வாழும் நாட்களையும் 730இல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் மனைவி 2014 முதல் குடிமகள், 2023 முதல் இருவரும் ஒரே வீட்டில். இந்த விதி உங்களுக்குப் பொருந்துமானால் குறைபாடே இல்லை. எனினும் யார் யாருடன் கூட வந்தார் என்று அலுவலர்கள் கேள்வி எழுப்புவதுண்டு. மாமியாருக்காக மனைவி வந்தார், நீங்கள் அவருடன் வந்தீர்கள் என்ற உண்மை உங்கள் பக்கம் பேசும். திருமணச் சான்றிதழ், அவருடைய குடியுரிமைப் பத்திரம், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள், ஒன்றாகப் பயணித்த சீட்டுகள் ஆகியவற்றைத் திரட்டி, கனடாவில் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கொடுத்து எழுத்தில் அபிப்பிராயம் கேளுங்கள்.

மூன்றாவது, பி.ஆர். உரிமையை விரும்பித் துறந்து, பேரப்பிள்ளையைப் பார்க்க மகனின் அழைப்பில் சுப்பர் விசாவுக்கு விண்ணப்பிப்பது. ஒரு தடவையில் ஐந்து ஆண்டுவரை தங்க அது அனுமதிக்கும். ஆனால் துறந்தபின் மனம் மாறினால் மீளப் பெறுவது எளிதல்ல. இரண்டாவது வழிக்கு உயிர் இருக்கும்போது இதற்குள் போக நான் சொல்லமாட்டேன். இடையில் நீங்கள் அஞ்சிய அந்தக் குடியுரிமைச் சோதனை இப்போது 55 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். தேவைப்படுவது, விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் அங்கே இருந்திருப்பது. முதலாவது வழியைத் தேர்ந்தால் ஒரு நாள் அதுவும் கைகூடலாம்.

எந்த வழியை எடுத்தாலும் சேர்விஸ் கனடாவுக்கான கடிதம் காத்திருக்க முடியாது, அதை முதலில் அனுப்புங்கள். மார்ச் மாதத் தீர்மானத்துக்காக மனைவியோடும் மகனோடும் இந்தக் கிழமையே பேசுங்கள். கணக்காளரைப் பார்க்கும்போது 2021 தொடக்கம் உள்ள எல்லாக் கடவுச்சீட்டுகளின் பக்கங்கள், 2023, 2024 வரிப் படிவங்களின் பிரதிகள், கடை உறுதி, 2012 முதலான வாடகை ஒப்பந்தங்கள், வங்கி வட்டிச் சான்றிதழ்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அங்குள்ள படிவங்களில் நீங்கள் கையெழுத்திட்டீர்களா, மகன் உங்களுக்காக இணையவழியில் அனுப்பினாரா என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை. கணக்காளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும் என்பதால், மகனிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.